நான்கு மூலையிலும் சந்தனம்

ரெம்பாவ், தோட்டத்து லயம்
4 ஜூலை 2024

புனிதனுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. ஐந்து வருஷமாக விசாரிக்காதவள் இன்றைக்கு விசாரித்தால் நீ சிரிப்பாய். நீ தொலைத்த அப்பாவின் பிறப்புச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மெசேஜ் அனுப்பலாமே என்பாய். என் போன் பாதி நேரம் ஷாமினி கையில்தான். என் மகளுக்கு வாய் நிற்காது என்பது உனக்கே தெரியும். இந்த விஷயம் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் காதுக்கும் போகக்கூடாது. மணியம் அண்ணனின் ஃபேக்டரி வேன்தான் தினமும் செனாவாங் வருகிறதே, அதில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் பிரிண்டர். நீ வாங்கிக் கொடுத்த அதேதான். இன்னும் அதை வைத்துத்தான் லயத்துக்காரர்களுக்குப் பாரம் நிரப்பி, காப்பி எடுத்துக் கொடுக்கிறேன். அதன் மேல்மூடி இருக்கிறதே, கத்தையாகப் பேப்பர் வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளுமே, அது ரொம்ப வருஷமாகக் கரகரவென்று இருமும். அதனால் நான் அதைத் தொடுவதில்லை. கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்துத்தான் எடுப்பேன். போன திங்கட்கிழமை அவசரத்தில் மேலே வைத்துவிட்டேன். ஒரு காகிதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

என்ன காகிதம் என்று கேட்காதே. அது கிழியாமல் வெளியே வரவேண்டும். மூடியை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் எழுது. புதிது வாங்கு என்று எழுதினால் உன் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன்.

அந்த மெஷின் கூடத்து மூலையில் இருக்கிறது. மூன்று நாளாக அதைத் தாண்டி அடுப்படிக்குப் போகவே பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் போய்ச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

குமுதவல்லி

*

செனாவாங்
6 ஜூலை 2024

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரிண்டர் என்றதும் உட்கார்ந்து சூடாக ஒரு தே போட்டுக் குடித்தேன்.

அந்த மெஷினுக்கு ஆறு வருஷமாகிவிட்டது. உள்ளே இழுக்கிற ரோலரின் ரப்பர் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும். இங்கே பிரிண்டர் ரிப்பேர் செய்கிற சித்திக் பாயிடம் கேட்டேன். "அந்த மாடலா தம்பி? பார்ட்ஸ் வராது லா. பழுது பாக்குற காசுக்குப் புதுசே வந்துரும். அக்காவ தூக்கிப் போடச் சொல்லுங்க" என்றார். பழையதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை. புதியதை நானே வாங்கி வேனில் அனுப்புகிறேன். பணம் வேண்டாம். பழையதைத் தள்ளிவிடும்படி ஷாமினிக்கு இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன்.

உள்ளே மாட்டியது யார் வீட்டுக் கரண்ட் பில்லோ. இன்னொரு காப்பி எடுத்துக் கொடுத்தால் போயிற்று. ஒரு காகிதத்துக்காகக் கூடப்பிறந்தவனையே தள்ளி வைக்க முடிந்தது, ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தள்ளி வைக்க முடியாதா உங்களால்? கிழிப்பதாக இருந்தால் கிழித்துக்கொள்ளுங்கள்.

புனிதன்

*

ரெம்பாவ்
9 ஜூலை 2024

புனிதா,

உன் மெசேஜ் செய்த வேலையைக் கேள்.

நேற்றுக் காலை நான் ரெம்பாவ் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பழைய பேப்பர் லோரி மைக்கில் கத்திக்கொண்டே லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வந்தால் மூலை காலியாக இருக்கிறது. "மாமாதான் தூக்கிப் போடச் சொன்னாரு. பேப்பர் லோரிக்குக் குடுத்துட்டேன்மா" என்கிறாள் ஷாமினி. ஏதோ வீட்டைச் சுத்தம் செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில்.

ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஓடினேன். லோரி கடைசி லயம் தாண்டி மண் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. என்னுடையது, என்னுடையது என்று மலாயில் கத்திக்கொண்டே பின்னால் தட்டினேன். பிரிண்டரைக் குப்புறப் போட்டு அதன்மேல் ஒரு பழைய மின்விசிறியை வைத்திருந்தார்கள். லோரிக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்னும் ஐந்து நிமிஷம் பாசாரில் நின்றிருந்தால் அது போயே போயிருக்கும்.

இனி மறைத்துப் பயன் இல்லை. உள்ளே இருப்பது நம் லயத்து நல்லசாமி அண்ணனின் பிறப்புச் சீட்டு.

அப்பாவுக்கு இருந்த மாதிரியேதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் ஊதா மையில் எழுதிக் கொடுத்த அரைத்தாள். அந்தக் காலத்தில் அதை எடுத்துக்கொண்டு போய் முறையாகப் பதிய யாருக்குத் தெரிந்தது? ஆஸ்பத்திரியும் இல்லை, அதன் ரெஜிஸ்டரையும் கரையான் தின்றுவிட்டது. இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை. அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டு. குடியுரிமைக்கு மூன்று தடவை மனுப் போட்டு, இப்போதுதான் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிற 25ஆம் தேதி. ஒரிஜினலைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்திலேயே இருக்கிறது.

அண்ணன் அதை அம்மன் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் தடவி எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதத்துக்கு எல்லாரும் செய்வதுதானே. அப்பா சீட்டுக்கு நானே தடவினேனே. பதினான்கு காகிதம் கொண்டுவந்தார், அதற்கு நடுவில் அது இருந்திருக்கிறது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பார்க்காமல் கத்தையோடு மேல்மூடியில் வைத்துவிட்டேன். சந்தனம் காயவில்லை. உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு உன்னைக் கேட்டதையெல்லாம் இன்றைக்கு நீ என்னைக் கேட்கலாம். கண் எங்கே இருந்தது, அறிவு எங்கே இருந்தது, அடுத்தவர் வாழ்க்கை விளையாட்டா. கேள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 25க்குள் அது வெளியே வரவேண்டும்.

நீங்கள் நீங்கள் என்று எழுதியிருந்தாய். அது வலித்தது.

அக்கா

*

செனாவாங்
10 ஜூலை 2024

அக்கா,

ஷாமினியைத் திட்டாதே. தப்பு என்னுடையது.

முதலில் இதைச் செய். பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சைத் தட்டிப் பார்க்காதே, ரோலர் ஒரு சுற்று சுற்றினாலும் பழைய காகிதம் பொடிந்துவிடும். கத்தரிக்கோல், இடுக்கி எதையும் உள்ளே விடாதே. நீ இழுத்துப் பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். இனி வேண்டாம். கனமான போர்வையில் சுற்றி, நிமிர்த்தி வைத்தபடியே மணியம் அண்ணன் வேனில் அனுப்பு. சித்திக் பாயிடம் சொல்லிவிட்டேன். கடை சாத்திய பிறகு நானும் அவரும் உட்கார்ந்து பிரிக்கிறோம். யாருக்கும் தெரியாது.

நல்லசாமி அண்ணனிடம் நீயே சொல்லிவிடு. அவர் கேட்டு நீ சொல்வதற்கும் நீயே போய்ச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நான் உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் நீ ஒன்றைத் தெரிந்துகொள். அப்பா சீட்டை நீ உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாய். மோட்டார் சைக்கிளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு சிரம்பான் பதிவு ஆபீஸுக்குப் போனேன். பெடாஸ் கிட்டே மழை. மழைக்கோட்டு எடுக்க வண்டிப் பெட்டியைத் திறந்தேன். உறையின் ஒட்டு நனைந்து பிரிந்திருந்தது, அப்படியே சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஆபீஸில் கவுண்டரில் கொட்டினால் எல்லாக் காப்பியும் இருக்கிறது, ஒரிஜினல் மட்டும் இல்லை. பெடாஸில்தான் விழுந்திருக்கும் என்று நானே நம்பினேன். மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு அந்த ரோட்டோரக் கால்வாயில் இறங்கித் தேடினேன். கிடைத்த ஒவ்வொரு குப்பைக் காகிதத்தையும் விரித்துப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் மோட்டாரை மெதுவாக்கிவிடுகிறேன்.

மரணப் பத்திரத்தில் அப்பா பெயருக்கு எதிரே குடிமகன் அல்லாதவர் என்று இருப்பதைப் பார்த்தேன். அதை எழுதவைத்தது நான்தான் என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கடைசி வாரத்தில் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை என்று ஷாமினியிடம் சொல்லியனுப்பினாய். கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். கேட்காதபோது எந்த முகத்தோடு வருவது?

சீக்கிரம் அனுப்பு.

புனிதன்

*

ரெம்பாவ்
13 ஜூலை 2024

புனிதா,

பிரிண்டரை இன்று காலை வேனிலேயே அனுப்பிவிட்டேன், இந்தக் கடிதம் அடுத்த ட்ரிப்பில் வரும். கல்யாணத்துக்கு வந்த கம்பளியில் சுற்றி, வேன் இருக்கையில் வைத்துக் கட்டியிருக்கிறேன். மணியம் அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன குமுதா, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புற மாரி அனுப்புற" என்றார். மெதுவாக ஓட்டச் சொன்னேன். அவர் மெதுவாக ஓட்டினால் ஷிஃப்ட் தவறும் என்று உள்ளே இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

நல்லசாமி அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து புதுச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். இண்டர்வியூவுக்குப் போடவாம். "சீட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும் குமுதா. எவ்ளோ பேரு காயிதத்த பாக்குற, ஒண்ணு தவறி இருக்குமா? என் வீட்டுல வெச்சா எலி தின்னுரும்" என்றார். மை காய்ந்துவிட்டது, புது மை வந்ததும் காப்பி எடுத்துத் தருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் திட்டுவார் என்று எனக்குப் பயம் இல்லை. திட்டமாட்டார் என்றுதான் பயம். அப்பாவும் திட்டவில்லையே. சிவப்புக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாரே, அதை இன்னொரு மனுஷனிடம் பார்க்க என்னால் முடியாது. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவர்தானோ என்று பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

நீ கால்வாயில் இறங்கித் தேடியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ரிப்பேரா புதிதா என்று இனி யோசிக்காதே. மெஷினை உடைத்தாலும் சரி. சீட்டு வரட்டும்.

அக்கா

*

செனாவாங்
17 ஜூலை 2024

அக்கா,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நல்லசாமி அண்ணனின் சீட்டு வந்துவிட்டது. கீழ் மூலை ஒன்று கிழிந்திருக்கிறது, சந்தனம் ஒட்டியிருந்த இடம். எழுத்து, தேதி, கையெழுத்து, தோட்டத்து முத்திரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து லாமினேட் செய்யாதே. இன்னொரு தடவை சந்தனமும் வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டோம். மூன்று நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதப் பயந்துகொண்டு இருந்தேன்.

மேல்மூடியைத் தனியாகக் கழற்றி, உள்ளே இருந்த தகட்டின் திருகுகளை எடுத்தோம். அண்ணனின் சீட்டு ரோலரில் சுற்றியிருந்தது. சித்திக் பாய் பஞ்சில் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்து ஒரு மணி நேரம் அதை இளக்கி எடுத்தார். எடுத்த பிறகும் ரோலர் சுற்றவில்லை. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அடியில இன்னொண்ணு இருக்கு. இது இன்னிக்கி மாட்டுனது இல்ல. இதுலதான் இப்ப வந்தது இடிச்சு நின்னுருக்கு. இவ்ளோ வருஷம் கரகரன்னதும் இதாலதான்" என்றார்.

தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. பழுப்பாகி, மடிந்து. அதே அரைத்தாள், அதே ஊதா மை. நான்கு மூலையிலும் சந்தனம், காய்ந்து கருத்துப்போய். ஒரு மூலையில் உன் கட்டைவிரல் தழும்பு தெரிகிறது, அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டாயே அந்தக் கோடு. ஆண் குழந்தை, பெயர் ராமசாமி என்று எழுதியிருக்கிறது.

அக்கா, அப்பா சீட்டு உறைக்குள் போகவே இல்லை. காப்பி எடுத்தபோதே மெஷின் விழுங்கிவிட்டது. நீ எண்ணிப் பார்க்காமல் ஒட்டிக் கொடுத்தாய். நானும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப் போனேன்.

சித்திக் பாய் தே வாங்கிவரப் போனார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் தொலைக்கவில்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருக்கிறேன். ஆகவில்லை. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்ற பயம்தான் வந்தது. மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எரித்துவிடலாம், நான் தொலைத்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று லைட்டரைக்கூட எடுத்தேன். ஆனால் எரித்தால், அன்றைக்குச் செய்யாத தப்பை இன்றைக்குச் செய்தவனாகிவிடுவேன். அப்பா பெயரை இன்னொரு தடவை தொலைக்க எனக்குக் கை வரவில்லை.

உன் சத்தியத்தின்படி உன் கையில் நான்தான் கொடுக்கவேண்டும். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது உறையில் வைத்து மணியம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஷாமினி வீட்டில் இல்லாதபோது பிரி. உட்கார்ந்துகொண்டு பிரி.

மெஷின் நன்றாக ஓடுகிறது. வேறு ஒன்றிலிருந்து ரோலரை எடுத்து மாட்டிக் கொடுத்தார் பாய். இருமல் நின்றுவிட்டது. வைத்துக்கொள்வதும் தூக்கிப் போடுவதும் உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லமாட்டேன்.

புனிதன்

*

ரெம்பாவ்
26 ஜூலை 2024

புனிதா,

நீ சொன்னபடி உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே நல்லசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கிழிந்த மூலையைக் காட்டி, மெஷினில் மாட்டியது, லோரியில் போனது, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான் சந்தனத்த கூட வெச்சிட்டேன் போல லா. நீ என்ன பண்ணுவ" என்றார். அவ்வளவுதான். குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எனக்குத் தே போட்டுக் கொடுத்தார். உனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஐந்து வருஷத்தில் வாய் வரவில்லை.

நேற்று இண்டர்வியூ. நானும் கூடப் போனேன். அதிகாரி சீட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலை ஏன் கிழிந்தது என்று கேட்டார். நான்தான் கிழித்தேன் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். பதில் வீட்டுக்கு வருமாம். அதுவரைக்கும் தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

மெஷினைத் தூக்கிப் போடமாட்டேன். கூடத்தில் அதே மூலையில்தான் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் இனி நான் அடுப்படிக்குப் போகவேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் உன் நல்ல மனசை ஏமாற்றினவள் ஆவேன். அப்பா கடைசி வாரத்தில் உன்னைக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். "அவன வரச் சொல்லு குமுதா, பயந்துகிட்டு இருப்பான்" என்றார். நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு ஷிஃப்ட் என்று அவரிடம் பொய் சொன்னேன். கேட்கவே இல்லை என்று உனக்குச் சொல்லியனுப்பினேன். கோபத்தில் செய்தேன். அதற்கு எந்த மெஷினையும் நான் காரணம் சொல்ல முடியாது.

அப்பா சீட்டு என் கைக்கு வந்துவிட்டது. நேற்று திரும்பி வரும்போது கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியத்தை முடித்துக்கொண்டேன். இனி பேசலாம். இதையெல்லாம் படித்த பிறகு நீ பேசுவாயா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உனக்குப் போன் அடிப்பேன். நீ எடுக்காவிட்டால் அது நியாயம்தான். எடுத்தால், என் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராவிட்டாலும், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே.

அக்கா